தண்டர் மெயிலின் ஒரே கேசட்

ஆனந்தமேரியின் தலைச்சன் பிள்ளை பிறந்த ஆறாம் நாள் இறந்துபோனது. அதற்குப் பிறகு பல நாள் அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் இருந்த அந்த வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அவளுடைய கொழுந்தன் பெலிக்ஸும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் சாயங்காலம் தவறாமல் அங்கே கித்தாரும் டிரம்ஸும் வாசித்து அமளி பண்ணுவார்கள். பிள்ளையை அடக்கம் பண்ணிய மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பெலிக்ஸ் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பேகம்பூரில் தோல் தொங்கவிட்டு வைக்கும் கிட்டங்கிவரை தள்ளிக்கொண்டே போவார். இருட்டுவதற்குள் தள்ளிக்கொண்டே திரும்பி வருவார். ஏன் என்று அவருடைய அம்மா கேட்டதற்கு, "இங்க ஓல்ட்டேஜ் பத்தலம்மா. அங்க கரெண்டு நல்லா வருது" என்றார்.

இரண்டு மாதம் கழித்து டிரம்ஸ் அடிக்கிற மீரான்தான் அடுப்படி வாசலில் நின்று சிரித்தான்.

"ஓல்ட்டேஜா? எங்க கிட்டங்கியில குண்டு பல்பே அழுதுக்கிட்டுத்தான் எரியும் மதினி. நீங்க படுத்திருக்கையில சத்தம் போடக் கூடாதுன்னு ஊருக்கு இந்தக் கோடியிலேர்ந்து தள்ளிக்கிட்டு வாரான், கிறுக்குப் பய. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெலிக்ஸும் கடைசிவரை அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அவர்களுடைய குழுவுக்கு 'தண்டர் மெயில்' என்று பெயர். பெலிக்ஸ் கித்தார் வாசித்துப் பாடுவார். டிரம்ஸ் மீரான். மற்ற இரண்டு பேர் கிளெமென்ட்டும் மிக்கேல்ராஜும். பாட்டெல்லாம் இங்கிலீஷ். ஆனால் நான்கு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். ரேடியோவில் கேட்டுப் பிடித்த மெட்டில், புரியாத இடங்களில் தாங்களே வார்த்தை போட்டுக்கொள்வார்கள். கல்யாணங்களில் வாசித்தார்கள், கொடைக்கானல் ஓட்டல்களில் வாசித்தார்கள். ஒருமுறை தாடிக்கொம்பில் ஒரு பெரிய வீட்டு விசேஷத்தில் இரண்டாவது பாட்டிலேயே மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். எண்பத்து நான்கில் மீரான் சவூதிக்கு வேலைக்குப் போனான். மறு வருடமே அங்கே ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அவன் போகும்போது மனைவி ஷரீஃபா மாசமாக இருந்தாள். பிறந்த பெண் குழந்தையை அவன் பார்க்கவில்லை.

அதோடு பெலிக்ஸ் கித்தாரைக் கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். முப்பது வருடம் மில் பஸ்ஸில் போனார், வந்தார். இயந்திரச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் சூசை இறந்த பிறகும் அதே வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டு, மதினி கையில் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சில் உட்காருவார். அறுபத்தேழு வயதாகிவிட்டது. அவர் ஒரு காலத்தில் மேடையில் முடியைச் சிலுப்பிக்கொண்டு குதித்தவர் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

பழசைக் கிளறிவிட்டது ஆனந்தமேரியின் மகன் பிராங்கிளின்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மறந்துபோன பழைய ராக் குழுக்களைப் பற்றி ஆட்கள் எழுதிக்கொள்ளும் ஒரு பக்கத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறான். 'எங்கள் சித்தப்பாவும் திண்டுக்கல்லில் ஒரு குழு வைத்திருந்தார்' என்று பெயர்களோடு எழுதிப் போட்டுவிட்டான். நான்காம் நாள் அவனுக்கு ஒரு பெண் போன் பண்ணினாள். பெயர் பாஸிலா. பேகம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். மீரானின் மகள்.

அப்பாவைப் பற்றி அவள் கேட்டது ஒன்றுதான். அத்தா டிரம்ஸ் அடித்தது எதுவும் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா?

வியாழக்கிழமை காலையில் பெலிக்ஸ் அடுப்படிக்கு வந்தார். கையில் செல்போன். முகம் என்னவோபோல் இருந்தது.

"மதினி, அம்மா டிரங்குப் பெட்டியில கர்சீப்புல சுத்தி ஒரு கேசட் இருக்குமே, இருக்கா?"

ஆனந்தமேரியின் கையில் இருந்த கரண்டி அசையவில்லை. "இருக்கும் தம்பி" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மீரான் மக வருது. பிராங்கிளின் டேப்பு கொண்டு வாரானாம். நாப்பது வருசமா நான் போட்டுக் கேட்டதில்ல. கேக்கத் தெம்பில்ல. அந்தப் பிள்ளை கேக்கட்டும்."

"சரி தம்பி."

அவர் போனபிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கேசட்டில் மீரான் இல்லை என்பது உயிரோடிருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எண்பத்தாறாம் வருடப் பெரிய வெள்ளி. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அந்த வருடம் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் செய்ய வந்திருந்த சாமியார் பேசினால் கல்லும் அழும் என்பார்கள். 'எனக்குக் கேக்கக் கொடுத்து வைக்கலியே' என்று மாமியார் காலையிலிருந்து அழுதார். பிரசங்கத்தைப் பதிந்து வரலாம் என்றால், பெரிய வெள்ளியன்று புதுக் கேசட் வாங்க அந்த வீட்டில் கடைக்குப் போகிற வழக்கம் இல்லை. ஆனந்தமேரி டிரங்குப் பெட்டியைத் துழாவினாள். கைக்குட்டையில் சுற்றிய கேசட் ஒன்று கிடைத்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோயிலில் மைக்செட்காரரிடம் நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார்.

"மேல ரெண்டு பக்கமும் பல்ல உடைச்சு விட்டிருக்கேம்மா. அழியக் கூடாதுன்னா இப்படி உடைப்பாக. உள்ள எதுவும் இருக்கா?"

"வெறும் கேசட்டுதாண்ணே."

அவர் பிளாஸ்திரியைக் கிழித்து உடைந்த இடத்தில் ஒட்டினார். பதிந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டார். அதுவும் நிறைந்ததும் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுக் கொடுத்தார். மாமியார் சாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும், பெலிக்ஸ் மில்லில் இருக்கும் பகல் நேரத்தில், அதைக் கேட்டு அழுதார், ஆறுதலானார். அவரை அடக்கம் செய்த எட்டாம் நாள்தான் பெலிக்ஸ் சொன்னார்: "அம்மா பெட்டியில ஒரு கேசட் இருக்கு மதினி. மீரான் அடிச்சது. அது ஒண்ணுதான் மிச்சம். பாத்துக்கங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். புருஷனிடம் சொன்னாள். சூசை பயந்த மனுஷன். "இப்பச் சொன்னா அவன் ஒடிஞ்சு போவான். அவன்தான் கேக்குறதே இல்லியே, விடு" என்றார். அவள் கேசட்டை மறுபடி அதே கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் யாரும் இல்லை. கேசட்டை எடுத்தாள். உள்ளிருக்கும் நாடாவைச் சுண்டுவிரலால் கொஞ்சம் வெளியே இழுத்தாள். பழைய நாடா, தானே அறுந்துவிட்டது என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். பழுப்பு நாடா விரலில் வழுவழுவென்று ஓடியது. ஓர் இழுப்பு போதும்.

இழுக்க முடியவில்லை. அதற்குள் இருப்பது ஆண்டவருடைய பாடுகள். சிலுவையடியில் நின்ற மாதாவின் அழுகை. அதை அறுப்பதா? ஒரு பாவத்தை மறைக்க இன்னொன்றா? பென்சிலை விட்டுச் சுற்றி நாடாவை உள்ளே ஏற்றினாள். இரண்டு முறை பென்சில் நழுவியது.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். சாமியாருக்கு மகன் வயதுகூட இல்லை. முதலில் அவருக்குப் புரியவில்லை.

"கேசட்டாம்மா? பாட்டுக் கேசட்டா?"

"ஆமா சாமி. அதுக்கு மேலதான் பிரசங்கத்தப் பதிஞ்சுட்டேன்."

சாமியார் கம்பி வலைக்கு அருகில் குனிந்தார். "தெரியாமப் பதிஞ்சது பாவமில்லம்மா. தெரிஞ்சபெறகு வாய மூடிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் வந்திருக்கீங்க. செபம் சொல்லச் சொல்லிட்டு உங்கள அனுப்பிர மாட்டேன். அவர்கிட்டப் போய் நீங்களே சொல்லணும். அந்தப் பிள்ளை வாரதுக்குள்ள."

சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தாள். பின்கட்டில் பெலிக்ஸ் தம்முடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலையில் வந்து இறங்கிய பிராங்கிளின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லப் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தான்.

"பொன்மலை ரயில்வே காலனியில 'ஸ்டோன் ரிவர்'னு அஞ்சு பேரு. அவிங்கதான் அப்ப ராசா. மதுரையில 'பர்ப்பிள் கைட்ஸ்'."

"அவங்கள்லாம் இப்ப என்ன பண்றாங்க சித்தப்பா?"

"ஒருத்தன் பாத்திரக் கடை. ஒருத்தன் பாஸ்டராயிட்டான், நம்மள மாதிரி ஆளுகளுக்குத்தான் நரகம்னு பேசுறானாம். குஜிலியம்பாறையில ஒரு குழு இருந்துச்சு, தெரியுமா?"

"குஜிலியம்பாறையில ராக்கா? சும்மா இருங்க."

"ஏலே, நெசமாத்தான். கம்பங்காட்டுல நின்னு வாசிப்பாய்ங்க. கேக்குறதுக்கு ஆள் கெடையாது, ஆடுதான். ஆனா ஒரு ஆடும் எந்திரிச்சுப் போகாதுப்பு. எங்களுக்கு அந்த மரியாதகூட தாடிக்கொம்புல கெடைக்கல."

பெலிக்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். இஸ்திரிப் பெட்டி கையிலிருந்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஆனந்தமேரியால் கணக்குச் சொல்ல முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல தம்பி. தோசைக்கு ஊத்தவா?"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழுந்தபோது, பெலிக்ஸிடம் சொல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு பாஸிலா வந்தாள். நாற்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள், சிரிக்கும்போது கன்னம் ஒரு பக்கம் மட்டும் குழிந்தது. அடுப்படி வாசலில் நின்று சிரித்த மீரானை ஆனந்தமேரி அப்படியே பார்த்தாள்.

"அம்மா தம்ரோட் இனிப்பு குடுத்துவிட்டாங்க மாமி. முட்டுவலி, வர முடியல. வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்னு சொல்லிவிட்டாங்க."

முன்னறை மேசையில் பிராங்கிளின் டேப்பை வைத்து வயர்களை மாட்டினான். பாஸிலா அதற்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். பெலிக்ஸ் கைக்குட்டையைப் பிரித்தார். கேசட்டைச் சட்டையில் துடைத்து உள்ளே வைத்து மூடினார்.

"பயமா இருக்கு மாமா" என்றாள் பாஸிலா. "போட்டோதான் பாத்திருக்கேன். சத்தம்னு ஒண்ணு இருக்கும்னு நெனச்சதில்ல."

"எனக்கும்தான் தாயி" என்றார் பெலிக்ஸ்.

பிராங்கிளின் விரல் பொத்தான்மேல் போனது.

"அமுக்காதடா!"

மூன்று பேரும் திரும்பினார்கள். ஆனந்தமேரி அடுப்படி நிலையில் நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மாமியார், பெரிய வெள்ளி, மைக்செட்காரர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், பிளாஸ்திரி. எட்டாம் நாள் தெரிந்துகொண்டதையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை அறுக்கப் பார்த்ததையும் சொன்னாள்.

பிராங்கிளின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். தெருவில் ஒரு ஆட்டோ போனது.

"அம்மா..." என்று இழுத்தான் பிராங்கிளின். "ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தாண்டா."

பெலிக்ஸ் எழுந்து வெளியே போனார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நெடுநேரம் கேட்டது. பாஸிலா அசையாமல் மூடியிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போகலாமா, தொடலாமா என்று ஆனந்தமேரிக்குத் தெரியவில்லை. வசவு வந்தால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

பெலிக்ஸ் திரும்பி வந்தார். முகம் ஈரமாக இருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க செத்த நேரம் உள்ள இருங்க மதினி."

இத்தனை வருடத்தில் அவளை அவர் விலகி இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படிக்குள் போய்ச் சுவரோரம் நின்றாள். அங்கிருந்து கேட்டாள்.

"பிராங்கிளின், உன் போன்ல பதியுமா? பதி. பாஸிலா, கடியாரத்தப் பாத்துக்க தாயி. அந்தக் கேசட்டு முப்பத்தோரு நிமிசம். அதுல என்னென்ன இருந்துச்சுன்னு எனக்கு மனப்பாடம். போட்டுக் கேட்டதில்லேன்னுதான் சொன்னேன், மறந்துட்டேன்னு சொல்லல. ஆரம்பிக்கிறேன்."

அவர் ஆரம்பித்தார். பேகம்பூர் கிட்டங்கி. சுற்றிலும் தோல் தொங்குவதால் சத்தம் எதிரொலிக்காது. முதலில் கிளெமென்ட் தும்முகிறான். மீரான் குச்சியால் நான்கு தட்டு. "இப்ப ஆரம்பிச்சுட்டான். வலது கால் கனமா விழுகும் அவனுக்கு. கேளு... இங்க நான் பாடுறேன், வார்த்தை தப்பு. அவன் சிரிச்சுக்கிட்டே அடிக்கிறான், அடியிலயே தெரியும் சிரிக்கிறது." பாட்டு வரும் இடங்களில் தணிந்த குரலில் பாடினார். கித்தார் மட்டும் வரும் இடங்களில் பேசாமல் இருந்தார். கடிகாரம் ஓடும். பிறகு, "இப்ப ஒரு குச்சி கீழ விழுந்துருச்சு. ஒத்தக் கையில அடிக்கிறான். எடுத்துட்டான்."

முதல் பாட்டு, இரண்டாவது, ஐந்தாவது. ஆனந்தமேரிக்குக் கால் மரத்துப்போனது. உட்காரத் தோன்றவில்லை.

"இருவத்தொம்பது நிமிசம் ஆச்சா? பாட்டு முடிஞ்சுபோச்சு" என்றார் பெலிக்ஸ். அதன்பின் நிறுத்திவிட்டார். இந்த முறை இது கித்தாருக்கான மௌனம் இல்லை என்று அடுப்படியில் நின்றவளுக்கே தெரிந்தது.

"மீதி ரெண்டு நிமிசம்?" என்று பாஸிலா மெல்லக் கேட்டாள்.

"அதுக்காகத்தான் தாயி நான் போட்டுக் கேக்காமலே இருந்தேன். வியாழக்கிழமையிலேர்ந்து தூங்கல. ஓடட்டும், அந்தப் பிள்ளை காதுல அதுவும் விழுகட்டும், அதுக்குப் பாத்தியதை இருக்குன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப என் வாயாலயே சொல்ல வேண்டியதாப் போச்சு." தொண்டையைச் செருமினார். "அவன் சவூதி போற விசயத்த அங்கதான் சொன்னான். நாங்க நிமிந்து வார நேரம். எனக்குத் தாங்கல. 'துரோகிப் பயலே'ன்னேன். 'போய்த் தொலை, இனிமே என் மூஞ்சியில முழிக்காத'ன்னேன். கத்துனேன். அவன வழியனுப்பக்கூடப் போகல. அவன்கிட்ட நான் பேசுன கடைசிப் பேச்சு அதுதான்."

ஆனந்தமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடமாக இந்த வீட்டில் தான் ஒருத்திதான் பாரம் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

"அத்தா என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். 'ஏலே, நாடா ஓடுதுடா. நீ வையிறதும் பதியுது, நிப்பாட்டு'ன்னான். அம்புட்டுதான். டக்குனு அமுக்குன சத்தம். முப்பத்தோரு நிமிசம்."

முன்னறையிலிருந்து பாஸிலா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா. அத்தா சொன்னத மட்டும். அவரு மாதிரியே."

பெலிக்ஸ் சொன்னார். மூன்று முறை சொன்னார்.

கிளம்பும்போது பாஸிலா அடுப்படிக்குள் வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனந்தமேரி கையெடுத்துக் கும்பிடப்போனாள். பாஸிலா அந்தக் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

"எனக்கு வருத்தம் இருக்கு மாமி, இல்லேன்னு சொல்ல முடியாது. அந்தக் கேசட்ட மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க. அந்தப் பிரசங்கத்துக்கு அடியிலதான எங்க அத்தா இருக்காரு."

அதற்குப் பிறகு பெலிக்ஸ் வீட்டில் அதிகம் பேசவில்லை. கூப்பிட்டால் சாப்பிட வருவார். "போதும்", "சரி" என்பார். பாஸிலா வீட்டுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை போய் வந்தார். ஷரீஃபாவுக்காக முப்பத்தோரு நிமிடத்தையும் மறுபடி சொன்னாராம். ஆனந்தமேரி மன்னிப்புக் கேட்கப் பலதடவை வாயெடுத்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வைதிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்த மரியாதையான மௌனம்தான் அவளை அறுத்தது. கோயிலில் புனித சூசையப்பர் சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்து, 'சாவதற்கு முன்னால் ஒரு வார்த்தை வாங்கிக் கொடும்' என்று வேண்டினாள். யார் சாவதற்கு முன்னால் என்று அவள் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் பெலிக்ஸுக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை ஆபரேஷன் என்றார்கள். செவ்வாய் விடியுமுன்னே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், பார்க்கிற நேரம் முடிந்து வார்டைக் காலி பண்ணச் சொன்னபோது, ஆனந்தமேரி கட்டில் கம்பியை விடவில்லை. நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"தம்பி, என் மேல இன்னும் கோவமா?"

பெலிக்ஸ் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இருக்கு மதினி. இல்லேன்னு சொன்னா ஆண்டவருக்கே பொய்யாத் தெரியும். அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம என்ன புதுசா? நாளைக்கு வாரப்ப வெஞ்சனம் எதாச்சும் கொண்டாங்க, இங்க சோத்த வாயில வைக்க முடியல. இருட்டப் போகுது, பாத்துப் போங்க."